அரை நொடி தாமதம்

எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில்
எல்லோருக்கும் ஒரே குரல்.
கொன்றவனுக்கும் செத்தவளுக்கும்
மணப்பெண்ணுக்கும் பாதிரியாருக்கும்
பல் முளைக்காத பிள்ளைக்கும்
ஒரே ஆணின் குரல்.
லெக்டர் என்போம்.
நடிக்க மாட்டார், வாசிப்பார்,
தண்ணீர் வரி பாக்கியை வாசிப்பதுபோல.

அவருக்கு அடியில்
குளத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல்
அயல்மொழி கேட்டும் கேட்காமலும் ஓடும்.
ரயிலடியில் மழைக்கோட்டுக்காரி ஒருத்தி வாயைத் திறப்பாள்.
அரை நொடி கழித்து அவர் சொல்வார்:
போகாதே. நீ போனால் நான் செத்துவிடுவேன்.
பால் தீர்ந்துவிட்டது என்கிற தொனியில்.

தோருன் நகரம், ருபின்கோவோ அடுக்ககம், ஏழாம் மாடி.
சுவர்கள் அட்டை மாதிரி.
செவ்வாய் இரவு எட்டானால்
மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அவரே பேசினார்.
எனக்குத் தெரிந்த ஆம்பிளைகளில்
குடிக்காமல் ஒரு வாக்கியத்தை முடிப்பவர்
இவர் ஒருத்தர்தான் என்பாள் அம்மா,
ஹெர்ரிங் மீனுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
அப்பா அதற்கும் சிரிப்பார்.
சிரித்துவிட்டுக் குவளையை டிவிக்குப் பின்னால் வைப்பார்.

டிராம் நிறுத்தத்தில் லெஷெக்
கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே
கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்றான்.
குரல் நடுங்கியது.
மிகையாக நடிக்கிறானோ என்றிருந்தது எனக்கு.
அரை நொடி காத்திருந்தேன்.
யாரும் வாசிக்கவில்லை.
நானே மனசுக்குள் வாசித்துக்கொண்டேன்:
இவன் உன்னை மணக்க விரும்புகிறான்.
அப்படிக் கேட்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது.
சரி என்றேன்.

வேலை, அவசர அழைப்பு மையத்தில்.
இரவு முறை. இருபத்து மூன்று வருடம்.
எதிர்முனையில் அலறுவார்கள்.
அலறலுக்குள் கையைவிட்டு
வார்த்தையை மட்டும் வெளியே எடுப்பேன்.
உங்கள் கணவர் குளியலறையில் விழுந்திருக்கிறார்.
மூச்சு இல்லை.
எந்த மாடி?
லிஃப்ட் வேலை செய்கிறதா?
என் குரலைப் பிடித்துக்கொண்டு
மார்பை அழுத்தியிருக்கிறார்கள்,
முப்பது முறை, மறுபடி முப்பது,
வாசலில் சைரன் கேட்கும்வரை.
விஸ்துலா ஆற்றுப் பனி உடைந்து உள்ளே போனவனின் தம்பி
அடுத்த குளிர்காலத்தில் ஒரு டப்பா இஞ்சி ரொட்டியோடு வந்தான்.
நீங்கள் மனுஷிதானா என்று பார்க்க வந்தேன் என்றான்.
அண்ணன் பிழைத்தானா என்று நான் கேட்கவில்லை.
ரொட்டி நன்றாயிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலைக்
கழற்றி மாட்ட ஆணி இல்லை.
லெஷெக் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான்:
நீ என்னோடு பேசவேயில்லை, போக்னா.
இத்தனை வருடம்
என்னை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாய்.
அரை நொடி.
புரிந்தது, என்றேன்.

போன மாதம் மகள் கலினா வந்திருந்தாள்.
அந்தப் பழைய படம்.
ரிமோட்டில் எதையோ அழுத்தினாள்.
லெக்டர் இல்லை அம்மா, கீழே எழுத்து மட்டும். கேள்.

மழைக்கோட்டு பச்சை என்பதே அன்றுதான் தெரிந்தது.
எங்களுடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி.
அவள் குரல் கரகரப்பு, சளி பிடித்தாற்போல்.
போகாதே என்கிற இடத்தில்
அவள் அழவில்லை.
சிரித்தாள்.
மூக்கு வழியே வந்த ஒரு சின்னச் சிரிப்பு,
கடைக்காரனிடம் சில்லறை குறையும்போது வருமே, அது.
அதற்குப் பிறகுதான் உடைந்தது.
நிறுத்து என்றேன்.
மறுபடி போடு என்றேன்.
நான்கு முறை போட்டாள்.
ஐந்தாவது முறை என்னைப் பார்த்தாள், போடவில்லை.

அவள் தூங்கியதும் லெஷெக்கை அழைத்தேன்.
குருஜியோன்ஸில் இருக்கிறான்,
கூட யாராவது இருக்கலாம்.
ஹலோ என்றான்.
சும்மாதான், ஒரு படம் பார்த்தேன் என்று தொடங்கினேன்.
பாதியில் குரல் எங்கேயோ வழுக்கிப்போனது,
மூக்கு வழியே ஏதோ வந்தது,
சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அரை நொடி.

யார் பேசுறீங்க? என்றான்.